ஊரே உட்கார்ந்த சீட்டு

என் வீட்டுக்காரர் முடி திருத்துபவர். இருபது வருடமாக அவர் கடை நாற்காலியில் ஊரே உட்கார்ந்து எழுந்து போகிறது. அந்த மனிதர்தான் சொன்னார்: "கண்டவன் உக்காந்த சீட்டுல நான் உக்கார மாட்டேன்." எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் 'ணங்'கென்று விழுந்தது.

எங்கள் குடியிருப்பில் ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு கார் வைத்திருக்கிறார்கள். வேண்டிய நேரத்தைப் போனில் பதிந்துவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே உள்ள பெட்டியிலிருந்து சாவியை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் மாடி வாத்தியார் எங்களையும் கூப்பிட்டார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்களுக்குத்தான் சொந்தக் கார் இருக்கிறதே! கடைக்கு நடந்தே போய்விடுவார். வாரம் ஒருமுறை உறையை எடுப்பார், துடைப்பார், மறுபடி போர்த்துவார். அதோடு சரி.

நான் தையல்காரி. கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் மூன்று மாதமாக மெஷின் மூடியே கிடக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கவே அல்லாடிப் போனேன். காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் மறுபடி வரிசையின் கடைசி.

அன்றைக்கு ஏழு மணிக்கு எங்கள் கார் முக்கியது, முனகியது, அடங்கியது. நின்ற இடத்திலேயே நின்று பேட்டரி செத்திருந்தது. வெளியே அடைமழை. டாக்சி வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

"பெட்டியில சாவி இருக்கு, எடுங்க" என்றேன்.

"நாமதான் சேரலையே."

"நான் போன வாரமே சேர்ந்துட்டேன். உங்க பேரையும் குடுத்துட்டேன். வண்டியை இப்பத்தான் போன்ல பதிஞ்சேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா உடனே தலையாட்டியிருப்பீங்களாக்கும்! உங்க கடை நாற்காலியில உக்காந்தவங்க என்னத்தை ஒட்டவச்சிட்டுப் போனாங்க?"

"அதை நான் தட்டிச் சுத்தம் பண்றேன்ல?"

"இதையும் தட்டிட்டு உக்காருங்க. எனக்குக் கண்ணு வேணும்ங்க."

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவ்வளவு பயம் எனக்கு.

இவர் உள்ளே போனார். கடைத் துண்டும், கழுத்து முடி தட்டும் பிரஷுமாக வந்தார். சீட்டைத் தட்டினார், துண்டை விரித்தார், உட்கார்ந்தார். பாதி வழியில்தான் வாய் திறந்தார். "வண்டி பரவாயில்ல, சொன்ன பேச்சைக் கேக்குது."

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

மதியம் ஒரு கண்ணில் கட்டோடு திரும்பினேன். தும்மக் கூடாது, குனியக் கூடாது, குலுங்கிச் சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்து வண்டியைப் பதிந்திருந்த வாத்தியார் வாசலில் காத்திருந்தார்.

இவர் இறங்கித் துண்டை உதறினார். பிரஷால் சீட்டை மேலும் கீழும் தட்டினார். பிறகு, இருபது வருடப் பழக்கம் விடுமா, சீட்டில் இரண்டு தட்டுத் தட்டி, கடையில் சொல்கிற அதே குரலில் கூப்பிட்டார்:

"அடுத்த ஆளு, வாங்க!"

வாத்தியார் தன் முழு வழுக்கையைத் தடவிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். நான் கட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு, டாக்டர் கூடாது என்றதைச் செய்தேன்.