தாஹிர் ஹாஜியார் வீட்டுக் கடல்

நுரைக் கோப்பையைக் கழற்றியதும் நஸீம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீன்தொட்டித் தண்ணீரின் கழிவையெல்லாம் நுரையாக்கி ஒதுக்கி வைக்கிற கோப்பை அது. கிழமைக்கு இரண்டு தரம் கழுவ வேண்டியதை அந்த வீட்டில் மாதக்கணக்காக ஒருவரும் தொடவில்லை. கறுத்த கூழ் விளிம்பு தட்டி நின்றது. கூமுட்டையையும் கருவாட்டையும் ஒரே சட்டியில் ஊறப்போட்ட மாதிரி நாற்றம். கண்டக்குழி மீன்வாடியில் வளர்ந்து, இருபது வருஷம் அலங்கார மீன் பிடிக்கக் கடலுக்கடியில் முங்கியவனுக்கே குமட்டுகிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கற்பிட்டியில் தாஹிர் ஹாஜியாரைத் தெரியாதவர்கள் கிடையாது. உப்பளம், தென்னந்தோட்டம், மாடி வீடு. அந்த வீட்டு ஹோலில் எட்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் வண்ண மீன்கள், கற்கள், நடுவில் சுளகளவு அகலமான ஓர் உயிருள்ள முருகைக்கல், பவளப்பாறைத் துண்டு. எட்டு மாதத்துக்கு முன் அதை வெட்டிக் கொண்டுவந்து வைத்தவன் நஸீம்தான்.

வெட்டக் கூடாது என்பது சட்டம். நஸீமுக்குச் சட்டத்தை விட வேறொரு காரணமும் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன் கடல் சூடேறி, கடலடி முருகைப் பார் முழுக்க வெளுத்துச் செத்த வருஷம் அவன் அதற்கு மேலே நீந்தியவன். கண்ணுக்கெட்டிய மட்டும் எலும்புக்காடு. அதில் தப்பிய துண்டுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று அவனுக்கு மனப்பாடம். அப்படித் தப்பிய ஒன்றைத்தான் ஹாஜியார் கேட்டார். நஸீம் குடும்பம் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்திறங்கியபோது குடிசை போட இடம் தந்தது ஹாஜியாரின் வாப்பா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நஸீம் நினைத்தான், உளியை எடுத்துக்கொண்டு போனான்.

போகிற வழியில் ஒரு நியாயமும் செய்துகொண்டான். அடுத்த தரம் கடல் சூடேறினால் பாரில் மிஞ்சியதும் போய்விடும். ஹாஜியார் வீட்டில் குளிரூட்டி இருக்கிறது, நல்ல விளக்கு இருக்கிறது. அங்கே இது வளரும். வளர்ந்ததும் கிளை கிளையாக ஒடித்துக்கொண்டுபோய்ப் பாரிலேயே கட்டிவிடலாம். இதை அவன் மனைவி றுக்கியாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அது செத்தா நீங்க களவு செஞ்ச மாதிரித்தானே?" என்று மட்டும் கேட்டாள். எட்டு மாதமாக அந்தக் கேள்விதான் அவனைக் குடைந்துகொண்டிருந்தது. கல் பிழைத்தால் அவன் காப்பாற்றியவன், செத்தால் வெறும் கள்ளன்.

கல்லை வைத்த கையோடு ஹாஜியார், "இனி எங்கட ஆக்கள் பாப்பாங்க" என்று அவனை அனுப்பிவிட்டார். பிறகு இப்போதுதான் கூப்பிட்டனுப்பினார். மகள் அமானியின் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதானாம், கல் நிறம் மங்குகிறதாம், என்னவென்று பார்க்கச் சொன்னார்.

நஸீம் பார்த்தான். நுரைக் கோப்பையைக் கழற்றிய அந்த முதல் நாள் மணலைக் கிளறியபோது ஒரு கோழிக்கால் எலும்பு வந்தது. பிறகு பாண் துண்டு, பாதி ஈச்சம்பழம், ஒரு பல்குச்சி. வந்த விருந்தாளிகள் மீனுக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்கள். மனிதர் தின்று துப்பியதை மீனும் தின்னும் என்ற எண்ணம். வடிகட்டித் துணி சளி மாதிரி வழுவழுத்தது. அதை வெறுங்கையால் பிழிந்தபோது, இந்த வீட்டார் தங்கள் குடிதண்ணீரில் இப்படித் துப்புவார்களா என்று கேட்கத் தோன்றியது. துணியைக் கழுவி மறுபடி மாட்டினான்.

ஒரு கிழமை கழித்து வந்து பார்த்தால் தண்ணீர் தெளிந்திருந்தது, கல் இன்னும் வெளுத்திருந்தது. வெளிச்சம் கூடிவிட்டதோ என்று விளக்கைக் குறைத்தான். சூட்டை அளந்தான், சரியாக இருந்தது. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, கொழுத்துத் திரிந்தன. ஆனால் கண்ணாடியில் ஊர்ந்த நத்தைகளின் ஓடு அரித்துப் பொடிந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவனுக்குப் பொறி தட்டியது. ஓட்டுக்கும் கல்லுக்கும் ஒரே தீனி, சுண்ணாம்பு. மீனுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை.

சிறு குப்பியில் தண்ணீர் எடுத்து, சுண்ணாம்பை அளக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டான். கடல் தண்ணீரென்றால் இருபது சொட்டில் நிறம் மாறவேண்டும். எட்டாவது சொட்டிலேயே மாறிவிட்டது. தண்ணீரில் சுண்ணாம்பு பாதிகூட இல்லை.

குசினிக்குப் பின்னால் சாமான் அறையில் தொட்டிக்குக் கடல் தண்ணீர் கரைக்கிற வெளிநாட்டு உப்பு வாளி இருந்தது. மூடியைத் திறந்தான். உள்ளே மாவு மாதிரி உப்பு இருக்கவில்லை. பட்டாணி பட்டாணியாகக் கல்லுப்பு, சேற்று நிறம் கலந்து, நடுவில் ஒரு செத்த கரப்பான்.

சமையல்காரி அலீமா வாசலில் நின்று பார்த்தாள். "அது நம்மட அளத்து உப்புத் தம்பி. வெளிநாட்டு உப்பு முடிஞ்சு ஆறு மாசமாச்சு. ஹாஜியார்தான் இதக் கொட்டச் சொன்ன."

"என்னத்துக்கு ராத்தா?"

"வாற ஆக்களுக்கெல்லாம் சொல்றாரே, என்ட உப்பில ஒரு கடல் செஞ்சு வெச்சிரிக்கேன் எண்டு. கேக்கல்லியா நீங்க?"

நஸீமுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அகதி முகாமில் இருந்த காலத்தில் அவனும் அந்த அளத்தில் உப்பு வாரியவன். தண்ணீர் வற்ற வற்ற முதல் பாத்தியில் சுண்ணாம்பு படியும், அதை அங்கேயே விட்டுவிட்டுத் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். உப்பு விளைந்ததும் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரைக் களப்புக் கடலுக்கே திறந்துவிடுவார்கள். கல்லுக்கு எலும்பாகிற சரக்கெல்லாம் அந்த முதல் பாத்தியிலும் கடைசிக் கசப்பிலும்தான் இருக்கிறது. நடுவில் விளைவது கறிக்கு ஆகும், கடலுக்கு ஆகாது. மூன்று தலைமுறையாக உப்பு விளைவிக்கிற மனிதருக்கு இது தெரியாதா? தெரியும். பெருமை கண்ணை மறைத்துவிட்டது, அவ்வளவுதான்.

புதன்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரிடம் சொன்னான். அவர் கதிரையில் சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ட உப்பு கூடாதா? நாடே என்ட உப்பத் திண்டுதான் உசிரோட ஈக்குது. ஒன்ட கல்லுக்கு மட்டும் ஆகாதோ?"

"மனிசனுக்கு நல்ல உப்பு ஹாஜியார். முருகைக்கு அதுல சுண்ணாம்பு காணாது. இப்ப கடல் அமைதிதானே, போட்டுல போய் நல்ல தண்ணி அள்ளிக் கொண்டாறேன். கொஞ்சம் கொஞ்சமா மாத்தினாத் தப்பும்."

"அகதிப் பொடியன் எனக்கு உப்புப் படிச்சுத் தாறான்" என்றார் ஹாஜியார், சுவரைப் பார்த்து. நஸீமுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அந்த நேரத்தில் அமானி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் கலியாண மேடையின் படம். தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாப்பா, இது எவ்வளவு வடிவா வெள்ளையாகுது. மேடையும் வெள்ளை, என்ட உடுப்பும் வெள்ளை. இத ஒண்டும் செய்யாதீங்க, இப்படியே இரிக்கட்டும்."

"தங்கச்சி, அது செத்துக்கொண்டு இருக்கு" என்றான் நஸீம்.

அவள் அண்ணன் முறை வைத்துக் கேட்டாள். "செத்தா மணக்குமா நானா?"

"மணக்கும்."

"அப்ப ஞாயிறு வரைக்கும் மணக்காம எதாவது செஞ்சு தாங்களே."

கெட்ட பிள்ளை இல்லை அவள். அதுதான் அவனுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். ஹாஜியாருக்குக் கோபமெல்லாம் பறந்துவிட்டது. "கேட்டியா? புள்ள ஆசைப்படுது. தண்ணி மாத்துற கதை வேணாம். கலியாணம் முடிஞ்ச பொறகு கல்ல நீயே கொண்டு போ."

இன்னும் நான்கு நாள். நஸீம் கல்லின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். சுவர்ப் பக்கமாக உள்ளங்கையளவு இடம் இன்னும் தவிட்டு நிறத்தில் உயிரோடிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை வரை தாங்கினால் போதும். தூக்கிக்கொண்டு நேரே கடலுக்கு. உள்ளங்கையளவு உயிர் போதும், பாரில் கட்டிவிட்டால் ஏழெட்டு வருஷத்தில் மறுபடி படர்ந்துவிடும். அப்படி நினைத்துத்தான் அவன் ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, நாற்றம் தெரியாமலிருக்க வடிகட்டியில் கரித்தூள் பையையும் தன் கையாலேயே கட்டிவைத்தான். பிணத்துக்கு அத்தர் பூசுகிற வேலை. பூசிவிட்டு வீட்டுக்குப் போய் அன்றிரவு அவன் றுக்கியாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். தொட்டியைக் கவனிக்க வேண்டுமென்று நஸீமையும் நல்ல சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தார்கள். ஹோல் முழுக்க வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ. நடுவில் அந்தக் கல் பாலைப் போல வெளுத்து நின்றது. வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். "மாஷா அல்லாஹ், முத்து மாதிரி" என்றார் ஒருவர். பிணமாகக் கிடக்கிற ஒரு மய்யித்தின் முன்னால் பல்லைக் காட்டிப் படம் பிடிக்கிறார்களே என்று நஸீமின் உடம்பு கூசியது. சந்தடியில் அவன் மூன்று தரம் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். தவிட்டுத் திட்டு இருந்தது. அதில் ஊசிமுனையளவு உயிர்களின் சிறிய வாய்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

மாப்பிள்ளை அஃப்ராஸின் தாய்மாமன் கொழும்பில் ஹோட்டல் வைத்திருப்பவர். தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஹாஜி, இதே மாதிரி வெள்ளையில எனக்கு நாலு வேணும். ஹோட்டல் முன்னுக்கு வைக்க."

"நஸீம் கொண்டு தருவான்" என்றார் ஹாஜியார், நஸீமின் தோளில் கைபோட்டு. வாழ்க்கையில் முதல் தடவை. "இதையும் இவன்தான் வெட்டின. இவனுக்குத் தெரியாத கல் கடல்ல இல்ல."

மாமன் கண்ணாடியோடு கன்னத்தை ஒட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். "எல்லாம் சரி, இந்தப் பக்கம் ஒரு கறை ஒண்டு ஈக்கே. படத்தில விழுகுது."

"நஸீம், அதச் சுரண்டி விடு" என்றார் ஹாஜியார்.

"அது கறை இல்ல ஹாஜியார்..."

தோளில் இருந்த கை இறுகியது. சுற்றிவர ஐம்பது அறுபது பேர். கைப்பேசிகள். மேடையில் அமானி திரும்பிப் பார்த்தாள். மாட்டேன் என்று நஸீம் சொல்லியிருக்கலாம். குடிசைக்கு இடம் தந்த கதை, முப்பத்தைந்து வருஷத்து நன்றி, எல்லாமாகச் சேர்ந்து நாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டது. சட்டைக் கையை மடித்து வலது கையைத் தண்ணீருக்குள் விட்டான். பெருவிரல் நகம் போதுமாக இருந்தது. வேகவைத்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி அது கழன்று வந்தது. அடியில் எலும்பு, தும்பைப்பூ வெள்ளை.

"இப்ப சரி" என்றார் மாமன், படம் எடுத்தார்.

கெண்டியும் தட்டமும் கொண்டுவந்து கை கழுவ ஊற்றினார்கள். நஸீம் கழுவினான். ஹாஜியாரே அவனைக் கூட்டிப்போய் மாமனின் சஹனில் உட்காரவைத்தார். ஒரே பெரிய தட்டில் ஆறு பேர். பெரிய மனிதர்களோடு அப்படி அந்த வீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை. பிஸ்மி சொல்லி எல்லோரும் சோற்றில் கைவைத்தார்கள், அவனும் வைத்தான். சூடான நெய்ச்சோறு பட்டதும் நகத்துக்குள் இருந்த நாற்றம் கிளம்பியது.

மாமன் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினார். "எப்ப வெட்டப் போறீங்க? சுருக்கா வேணும்." சொல்லிவிட்டு மூக்கைச் சுளித்தார். "என்ன மணம் இது? இறைச்சி பழுதா?"

பக்கத்தில் இருந்தவரும் முகர்ந்தார். "ஏதோ அழுகின மாதிரி."

"இறைச்சி இல்ல" என்றான் நஸீம். "என்ட கை."

ஐந்து பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"அது கறை இல்ல, மாமா. அந்தக் கல்லுல மிஞ்சின உசிர். நீங்க சொன்னீங்க, நான் சுரண்டினேன். நீங்க கேக்கிற வெள்ளை செத்தாத்தான் வரும், வந்தா இப்படித்தான் நாறும். நாலு கல்லுக்கு வேற ஒருத்தனப் பாருங்க. நான் ஒரு கல்லுக் களவெடுத்த கள்ளன், எனக்கு அது போதும்."

ஹாஜியார் என்னவோ சொல்லிக்கொண்டு வந்தார். நஸீம் எழுந்து அவரைக் கடந்து வாசலுக்குப் போனான். சஹனில் சோறு அவன் பிசைந்த இடத்தில் குழிந்து கிடந்தது. ஐந்து பேரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அதில் யாரும் கைவைக்கவில்லை.