செயலாளர் மன்னித்தருளினார்

சபையார் அனைவரும் அறிய வேண்டிய, அறியாவிட்டால் ஆத்துமாவுக்கே நஷ்டமான செய்தி ஒன்று அந்த ஞாயிறு ஆராதனையில் வெளியாயிற்று. சபைச் செயலாளர் தம்முடைய மச்சானை மன்னித்துவிட்டார். முழுமனதோடு, தாராளமாக, மைக் வைத்து.

மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. எலெக்ட்ரீஷியன். மீசை முளைக்காத வயதிலிருந்து சபையின் சவுண்டு மேசை அவன் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு ஒயரும் அவன் இழுத்தது, ஒவ்வொரு பிளக்கும் அவன் மாட்டியது. இப்போது கடைசி பெஞ்சில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு வழங்கப்படும் மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தான்.

குற்றம் இதுதான். செயலாளரின் ஜெபம் சபையில் பிரசித்தம். உலகம் படைக்கப்படுவதில் புறப்பட்டு, வெள்ளம் வடிந்து, கடல் பிளந்து, பாலைவனம் தாண்டி, கட்டடக் குழுத் தகராறு வழியாகக் கூரை ஒழுகலுக்கு வந்து சேரும். அதுவரை சபை நிற்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்ததும் அவரேதான். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, கடல் பிளந்து ஜனங்கள் பாதிப் பேர் கரையேறும் நேரத்தில் மைக் செத்துப்போனது. செயலாளர் தட்டினார், ஊதினார், மேசைப் பக்கம் முறைத்தார். வேறு வழியில்லாமல் ஆமென் சொன்னார். பதிலுக்குச் சபை சொன்ன ஆமென், அந்தக் கட்டடம் அதுவரை கேட்டறியாத பலத்தோடு இருந்தது. அவரைச் சுட்டது அதுதான்.

"வேணும்னே நிறுத்தினியா?" என்று மச்சானைக் கேட்டார்.

"மேசை என் பொறுப்பு அத்தான். நான்தான் பாத்திருக்கணும்" என்றான் அவன்.

செயலாளருக்கு அது போதுமானதாக இருந்தது. மேசை போதகரின் மருமகன் கைக்குப் போனது. அன்றிலிருந்து ஸ்பீக்கர் பிரசங்கத்துக்கு நடுவே விசிலடித்தது. மச்சான் ஞாயிறு சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டான்.

இந்த நிலையில்தான் போதகர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அதைக் கேட்டுத் திருந்த வேண்டியவர்கள் யார் யார் என்று செயலாளர் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ஒருவரும் அசைவதாகக் காணோம். நாமே முன்மாதிரியாக இருந்துவிடுவோம் என்று எழுந்து மைக்கை வாங்கினார்.

ஆராதனை முடிந்ததும் மனைவி தம்பியைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துவந்து சாப்பிட உட்காரவைத்தாள்.

"வா மச்சான். பழசை நான் மனசுல வச்சுக்கறதே இல்ல" என்றார் செயலாளர். "அன்னைக்கு ஜெபத்துல நீ செஞ்சதை எப்பவோ மறந்துட்டேன்."

"சரிங்க அத்தான்."

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க. அந்த மைக் விஷயம் எனக்கு இப்ப ஞாபகமே இல்ல."

"அதான் ஸ்பீக்கர் வச்சு மறந்தீங்களே" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே.

செயலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அடுத்த ஞாயிறு நீ முன்னாடி வந்து ஒரு சாட்சி சொல்லிடு. வேணும்னேதான் நிறுத்தினேன், அத்தான் மன்னிச்சாருன்னு. சுருக்கமா சொல்லு, போதும். மேசை மறுபடியும் உனக்குத்தான்."

மச்சான் தட்டையே பார்த்தான். மேசை என்றதும் அவன் விரல்கள் தன்னையறியாமல் எதையோ திருகின.

"அது மட்டும் முடியாது அத்தான். அங்க நின்னு பொய் சொல்ல வராது. மேசை அந்தப் பையன்கிட்டயே இருக்கட்டும்."

"பொய்யா? அப்ப வேற யாரு நிறுத்தினா? சொல்லு!"

மச்சான் கையைக் கழுவ எழுந்தான்.

"இப்ப எழுந்து போனேன்னா, உனக்கும் இந்த வீட்டுக்கும் இனிமே..."

"நான்தாங்க" என்றாள் மனைவி.

கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பிளக்கப் பிடுங்கினது நான். எங்க பெஞ்சுப் பக்கத்துச் சுவர்லதான் இருக்கு. தையல்காரர் மருமக நிறைமாசத்தோட என் பக்கத்துல நின்னு தள்ளாடுறா. உக்காருன்னா, செயலாளர் பாப்பாருன்னு பயப்படுறா. நீங்க அப்பத்தான் கடல்ல இருக்கீங்க. இனி பாலைவனம் வேற நாப்பது வருஷம் இருக்கேன்னு எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு."

செயலாளர் மச்சான் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன்" என்றாள் மனைவி. "இவன்தான் விடல. நீ அத்தானோட தினமும் குடித்தனம் பண்ணணும், எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தானேன்னான். நானும் சரின்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"அதோட அத்தான்," மச்சான் தயங்கினான், "நானும் சுவிட்சுக்குக் கைய நீட்டிட்டேன். அக்கா முந்திக்கிட்டா."

மனைவி தம்பியை மறுபடியும் உட்காரவைத்துப் பரிமாறினாள். தாம் மைக் வைத்துச் செய்த காரியத்தை இவன் மைக் இல்லாமல் மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தான் என்பது செயலாளருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் தட்டை நகர்த்தி வைத்தார். மச்சான் புறப்படும்போது குடையை எடுத்துக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுத்தது மனைவிக்கு ஞாபகமில்லை.

அடுத்த ஞாயிறு சபைக்குச் சீக்கிரமே வந்து, போதகரின் மருமகனை எழுப்பிவிட்டு, மச்சானைச் சவுண்டு மேசையில் உட்காரவைத்தார். ஆராதனை நடுவில் மைக் முன்னால் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாரம் முழுக்கத் தயார் செய்திருந்தார். நன்றாகத்தான் வந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உலகம் உண்டாவதற்கு முன்னே..."

சபை பழக்கதோஷத்தில் எழுந்து நின்றது. தையல்காரர் மருமகளும் கைக்குழந்தையோடு எழுந்தாள். செயலாளர் பார்த்தார். மனைவியின் பார்வை சுவரில் இருந்த பிளக் மேல் போய் நின்றது. மச்சான், தான் எதையும் தொடவில்லை என்று காட்ட, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டான்.

செயலாளர் மைக்கைக் கிட்டே இழுத்தார்.

"மச்சான் மேல தப்பில்ல. தப்பு என்னுது. எல்லாரும் உக்காருங்க."

என்ன தப்பு என்று யாரும் கேட்கவில்லை. உட்காரச் சொன்னதே பெரிய காரியமாக இருந்தது.