பயமும் குமட்டலும்

அக்காவின் கணவருக்குத் தன்னைப் பெரிய தமாஷ் பேர்வழி என்று நினைப்பு. அவருடைய பெயிண்ட் கடையில் சம்பளத்துக்கு நிற்பவர்கள் சிரித்துச் சிரித்தே அவரைக் கெடுத்து வைத்திருந்தார்கள். அவருடைய மைத்துனி தீக்காய வார்டில் நர்ஸ். நெருக்க நெருக்கமாக இருக்கும் ஓட்டைகளைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு வேறு வேலையே இல்லை.

அன்று மதியச் சாப்பாட்டின் நடுவே செல்போனை அவள் மூக்கருகே நீட்டினார். திரை நிறைய, ஓட்டை ஓட்டையாய் ஒரு குளவிக்கூடு. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள்.

"தோலுரிஞ்சு கிடக்கிறவனுக்குக் கட்டுப் போடுவாளாம், ஓட்டையப் பார்த்தா பயமாம்!" என்று அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பயம்னு யாரு சொன்னா அத்தான்? பயந்தா நெஞ்சு படபடன்னு அடிக்கும். எனக்குக் குமட்டுது, தோல் அரிக்குது. இது அருவருப்பு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல அத்தான். உங்களப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்ல."

முதலில் சிரித்தது அக்காதான். புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பதினாறு வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "என்ன சிரிப்பு? தண்ணி கொண்டா" என்றார்.

"உங்க கைக்குப் பக்கத்துலதான் இருக்கு" என்றாள் அக்கா.