இருக்கையை மாட்டினால் நிற்கும் எஞ்சின்

இருக்கையைக் கழற்றி வைத்தால், கரையோரத் தண்ணீரில் கட்டியிருந்த பழைய வாட்டர் ஸ்கூட்டர் எவ்வளவு நேரமானாலும் ஓடியது. இருக்கையை மாட்டினால் மூன்றே நிமிடத்தில் திணறி நின்றது. நர்ஸான மனைவியும் அவனும் கரையில் இருந்தார்கள். அவள் இரண்டு வருட விடுமுறைகளைக் கொட்டிப் புதுப்பித்த வண்டி. இன்றும் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள்.

“மேல யாராவது உட்காந்தாலே இதுக்குப் பிடிக்கல. உன் தங்கச்சி மாதிரி,” என்றான் அவன்.

“அவகிட்டயே சொல்றேன், இருங்க. பெட்ரோல் பாத்தாச்சு, பிளக் பாத்தாச்சு. மூச்சு மட்டும்தான் பாக்கல.”

இருக்கையை மாட்டி எஞ்சினை ஓடவிட்டாள். அது நின்ற கையோடு இருக்கையைத் தூக்கினாள். குப்பென்று புகை முகத்தில் அடித்தது.

அவனுக்கும் அப்போதுதான் புரிந்தது. எஞ்சின் காற்றை இழுப்பது இருக்கை மூடியிருக்கும் இந்த வயிற்றுக்குள்ளிருந்துதான். உள்ளே புகை கசிந்தால் தன் புகையையே தான் குடித்து மூச்சடைத்துவிடும். எஞ்சினைப் பார்க்க வசதியென்று இருவரும் கோளாறு தேடும்போதெல்லாம் இருக்கையைக் கழற்றியே சோதித்ததால், புகை காற்றோடு போயிருந்தது.

சூடு ஆறியதும், புகைபோகும் ரப்பர் குழாயை இறுக்கிப் பிடித்த பட்டியைக் கழற்றினாள். அதன் அடியில் நகநீள வெடிப்பு.

“வாய் திறக்காத நோயாளிக்கே வைத்தியம் பாத்துட்டியே!” என்றான் அவன்.

கைவசமிருந்த புதுக் குழாயை மாட்டிப் பட்டியை இறுக்கினாள். இருக்கையை மாட்டி இருவரும் ஏறினார்கள். ஏரியை முழுச்சுற்று வந்தும் எஞ்சின் நிற்கவில்லை.