கம்பி வராத பக்கம்

"ஆமான்னு ஏன்டி சொன்னே?"

"கழுத்துல அட்டை தொங்க ஒரு வெள்ளைக்காரப் பொம்பளை வாசல்ல நின்னா, நான்..."

"வீட்டுல இன்டர்நெட் இருக்கான்னு கேட்டா, இல்லைன்னு சொல்ல வாய் வலிச்சுதா?"

"நான் சொல்றதைக் கேளு அக்கா! அரசாங்க ஆளுங்க எது கேட்டாலும் ஆமான்னு சொல்லி அனுப்பிடுன்னுதானே அம்மா நம்மளை வளத்தா? இல்லைன்னா, 'பிள்ளை வளக்க வசதி இல்லாத வீடு'ன்னு எழுதிட்டுப் போயிருப்பா."

கில்போவா தேவாலயத்துப் பின்புறம், காருக்குள் அக்கா வெர்னெலும் தங்கை லூரினும். தேவாலயத்தின் வைஃபை அங்கே நிற்கும் பெக்கான் மரம் வரைதான் எட்டும். பத்து மணிக்கு நீதிபதி ஃபோன் திரையில் வருவார். செத்துப்போன தம்பியின் மகள் ஜமீரியா வெர்னெலிடம் இருப்பதா, முகம் தெரியாத வீட்டுக்குப் போவதா என்று இன்று முடிவாகும்.

திரையில்லாமல் வெறும் ஃபோனில் பேசிக்கொள்கிறேன் என்று வெர்னெல் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். 'உங்கள் வீட்டில் இணைய வசதி உள்ளது' என்று மறுத்துவிட்டார்கள். வீடு பார்க்க நீதிமன்றம் அனுப்பிய அந்தப் பெண்ணிடம் லூரின் சொன்ன 'ஆமா'தான் அது.

"இன்டர்நெட் கம்பெனிக்காரன் தண்டவாளத்தோட கம்பியை நிறுத்திட்டான், நம்ம பக்கம் வரலை. அதுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க நாய் கூண்டுக்குக்கூட இன்டர்நெட் இருக்கு."

"இப்ப நியாயம் பேசு. அன்னைக்கு அவகிட்ட பேசியிருக்கணும்."

"கத்தாதே. கோயிலைப் பாத்துக்கிற டீக்கன் ஐயா எட்டிப் பாத்தா பாஸ்வேர்டை மாத்திடுவாரு. ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வராதவளுக்கு புதன்கிழமை வைஃபை எதுக்குன்னு கேப்பாரு."

வெர்னெலுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் திரையில் நீதிபதியம்மாளின் முகம் விட்டுவிட்டுத் தெரிந்தது.

"மிஸ் வெர்னெல், கார்லயா இருக்கீங்க?"

"ஆமாம்மா."

"வீட்டை விட்டு வெளியேத்திட்டாங்களா?"

"ஐயோ, இல்லம்மா. வீடு இருக்கு."

"அந்த வீட்டுல இன்டர்நெட் இருக்குன்னு அறிக்கை சொல்லுது. பிள்ளையோட பாடமெல்லாம் அதுலதான். இருக்கா, இல்லையா?"

வெர்னெல் லூரினைத் திரும்பிப் பார்த்தாள். இருக்கு என்றால் பொய். இல்லை என்றால் அறிக்கை பொய். பொய் சொன்ன வீட்டில் யார் பிள்ளையை விடுவார்கள்?

"மிஸ் வெர்னெல்?"

லூரின் ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஆமான்னு பொய் சொன்னது நான்தாம்மா, பிள்ளையைப் பிரிச்சிடுவீங்களோன்னு பயந்து, என்னை என்ன வேணா கேளுங்க, ஆனா தண்டவாளத்தோட கம்பியை நிறுத்தினவனையும் கூப்பிட்டு ஏன்னு கேப்பீங்களா?"