இரண்டு நொடிப் பூட்டு

நாங்கள் செய்த விமான எஞ்சினுக்கு இரண்டு ஓட்டம். சாதாரண ஓட்டம் ஒன்று. பின்பக்கம் கூடுதலாக எண்ணெய் எரித்துப் பாய்கிற வேக ஓட்டம் இன்னொன்று. வேகத்துக்கு மாறும்போது புகை போகிற பின்வாய் முதலில் அகல வேண்டும், அப்புறம்தான் எண்ணெய் போக வேண்டும். எண்ணெய் முந்தினால் எஞ்சின் வெடிக்கும். அதைத் தடுக்க, எண்ணெயை இரண்டு நொடி நிறுத்திவைக்கிற பூட்டு ஒன்றை யோசித்துப் போட்டவன் நான், வல்லம் பச்சைமுத்து. வரைபடத்தில் பெயர் மட்டும் மேலதிகாரி ஆதிநாராயணனுடையது. செஞ்சி மளிகைக்கடைக்காரர் மகன். மூன்று வருஷமாக என் மூளையைத் தின்று கொழுத்தவன்.

அறுபத்தேழில், மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற சமயம், லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அவனும் ஊருக்கு வந்திருப்பதாகவும், என் அப்பாவை, நைனாவை, அழைத்துக்கொண்டு அவர்கள் கடைக்கு வரும்படியும் ஆள் அனுப்பினான்.

அந்தக் கடைப் படியில் எங்கள் சனம் கால் வைத்ததில்லை. தெருவில் நின்றால் பொட்டலம் வந்து விழும். அன்றைக்கு, "மேல வாங்க பெரியவரே, உக்காருங்க" என்று நாற்காலி போட்டான். நைனா அதன் நுனியில் உட்கார்ந்தார்.

மேசையில் எங்கள் எஞ்சினின் வரைபடம். "வடிவமைத்தவர்னு உங்க புள்ள பேரப் போட்டிருக்கோம், பாருங்க. ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது."

"என் புள்ள பேரா சாமி!" நைனா அந்த எழுத்தைத் தடவினார்.

நான் வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். "சார், பூட்டு எங்க? எண்ணெய் ஒடனே தெறக்குது. தேதி வேற போன மாசத்துது."

"பைலட்டுங்க வேகத்துக்குச் சீக்கிரம் மாறணும்னாங்க, பூட்ட எடுத்தோம். திங்கக்கெழம சரி பண்ணிக்கலாம். உனக்குப் பேரு வேணுமா, வேணாமா?"

"போடுடா" என்றார் நைனா. அவர் கண் கலங்கியிருந்தது. அவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப மனசு வரவில்லை. ச்சீ, அது பொய். ஆசை எனக்குத்தான். போட்டேன்.

மையை ஊதிக் காயவைத்துச் சுருட்டிக்கொண்டான். பிறகு, நைனாவுக்குப் புரியக்கூடாதென்று, இங்கிலீஷில் சொன்னான். போன செவ்வாய்க்கிழமையே சோதனைக் கொட்டகையில் எஞ்சின் வெடித்துவிட்டதாம். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த கோவிந்தசாமி செத்துப்போனானாம். விசாரணைக்கு இந்த வரைபடம்தான் போகிறதாம்.



"சாமி, இந்தக் காயிதம் ஒண்ணு குடுத்தீங்கன்னா ஊர்ல காட்டுவேன்" என்றார் நைனா.

"எதுக்குப் பெரியவரே? பேப்பர்லயே வரும்."

நைனா எழுந்து நின்று அவனைக் கும்பிட்டார்.