அண்ணி போட்ட வேகத்தடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஒரு பக்கம் என் மனைவி, நகரசபைத் தலைவி. எதிரே என் தங்கை, மாநில நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். அவள் குடியிருப்பது மாடியில், சாப்பாடு கீழே எங்களோடு. நடுவில் நான், கரண்டியும் கையுமாக. அன்று தங்கை தன் அண்ணிக்கு அரசாங்க நோட்டீஸ் அனுப்பியிருந்தாள். உப்பு வேண்டுமென்றால்கூட இருவரும் என்னிடம்தான் கேட்டார்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அதிகாரம் என்பது ஓர் ஆறு; அது மேலிருந்து கீழே பாயும்போது…"

[அடித்துவிட்டேன். ஆறு எதற்கு? நடந்தது சாலையில்.]

எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியின் வாசலை ஒட்டி நெடுஞ்சாலை போகிறது. ஆஸ்பத்திரியும் நடைபாதையும் நகரசபையுடையவை. சாலை மாநில அரசுடையது. பேருந்து நிற்பதோ எதிர்ப்பக்கம். அங்கே சிக்னல் வேண்டும் என்று நகரசபை கேட்டுக்கொண்டே இருந்தது. "பரிசீலனையில் உள்ளது" என்று மாநிலத் துறை சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு மாலை, வேலை முடிந்து சாலையைக் கடந்த தலைமை நர்ஸை ஒரு வேன் அடித்துப் போட்டது. கால் எலும்பு முறிந்தது.

மனைவி அவரைப் பார்த்துவிட்டு நேராக அலுவலகம் போனாள். ஞாயிற்றுக்கிழமை காலை நகரசபை ஆட்கள் தாரும் ஜல்லியுமாக வந்து நெடுஞ்சாலையின் குறுக்கே வேகத்தடை போட்டார்கள். ஊரே கைதட்டியது. நானும் தட்டினேன்.

3

இங்கே தங்கையை வில்லியாக்கத்தான் நினைத்தேன். எழுதுவதற்குச் சுலபம். "மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஈரமே இல்லாத கண்களோடு அவள்…"

[தங்கை படித்துவிட்டு, "எனக்குக் கண்ணாடியே கிடையாதேண்ணா" என்றாள்.]

நடந்தது வேறு. மறுநாள் அவள் அங்கே போய் நின்றாள். அவசரத்தில் போட்ட வேகத்தடை, அளவுக்கு மீறி உயரம். பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் அதில் ஏறித் தூக்கிப் போட்டது. உள்ளிருந்து வந்த அலறலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, அந்த ரோடு உங்க பொறுப்புல இல்ல."

"நர்ஸம்மா காலு யார் பொறுப்புல இருந்துச்சு?"

"அது எங்க துறையோட தப்பு. ஒத்துக்கறேன். அதுக்காக நீங்க பாட்டுக்கு மேடு கட்டிட முடியுமா? நாளைக்கு வேற ஒரு தலைவர் வந்து தன் மாமனார் வீட்டு வாசல்ல கட்டுவாரு. அவரை நான் என்னன்னு கேக்கறது?"

"அப்ப பேத்துடுவியா?"

"பேத்துத்தான் ஆகணும்."

(மனைவியின் குறிப்பு: "நான் அவ்வளவு வெடுக்குன்னு பேசல." பேசினாள்.)

மறுநாள் நோட்டீஸ் வந்தது. நகரசபை நீதிமன்றத்துக்குப் போனது.

4

நீதிமன்றக் காட்சியைப் பிரமாதமாக எழுத ஆசை. ஆனால் அங்கே யாரும் மேசையைத் தட்டவில்லை. வக்கீல்கள் சட்டப் பிரிவுகளை அடுக்கினார்கள். நீதிபதியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு உத்தரவு போட்டார்: வேகத்தடையை இப்போதைக்குப் பெயர்க்கக் கூடாது, உயரத்தைக் குறைக்க வேண்டும், இரு தரப்பும் சேர்ந்து இடத்தைப் பார்வையிட்டு ஒரு திட்டத்தோடு வரவேண்டும்.

போனார்கள். நானும் பின்னாலேயே போனேன். இருவரும் சாலையோரத்தில் காத்து நின்றார்கள். வண்டிகள் ஓய்வதாக இல்லை. திடீரென்று தங்கை, "வாங்கண்ணி, இப்ப!" என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் இருவரும் மூச்சு வாங்கினார்கள். முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை, லாரி மறைத்துவிட்டது.

அங்கேயே பேசி முடித்தார்கள். சிக்னல் மாநிலத்தின் செலவு. மின்சாரமும் நடைபாதைச் சரிவும் நகரசபையின் பொறுப்பு. தங்கை தன் மேலதிகாரிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். மனைவி நகரசபை உறுப்பினர்களிடம், கேட்காமல் செலவு செய்ததற்கு வாங்கிக் கட்டிக்கொண்டு, இம்முறை கேட்டே செய்தாள். சிக்னல் வந்தது. அன்றைக்கே துறையின் இயந்திரமும் நகரசபை ஆட்களுமாக வேகத்தடையைப் பெயர்த்தார்கள். நர்ஸம்மா ஊன்றுகோலோடு, பச்சை விளக்கில், அவசரமே இல்லாமல் சாலையைக் கடந்து பேருந்து ஏறினார்.

"தரப்பினர் சமாதானமாகிவிட்டதால், வேகத்தடை போட்டது சரியா தவறா என்ற கேள்விக்குள் போகத் தேவையில்லை" என்று நீதிபதியம்மா வழக்கை முடித்துவைத்தார்.

5

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் மனைவி மன்னிப்புக் கேட்கிறாள். அதை மனைவி அடித்தாள். மற்றதில் தங்கை கேட்கிறாள். அதைத் தங்கை அடித்தாள். எழுதுவது நான் என்று பேர்தான்.

கடைசியில் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுவிட்டேன்.

"நாளைக்கே இதே மாதிரி இன்னொரு இடத்துல நடந்தா?"

"போடுவேன்," என்றாள் மனைவி, தங்கையின் தட்டில் பரிமாறிக்கொண்டே.

"நானும் பேத்துடுவேன்," என்றாள் தங்கை. "போதும்ண்ணி, வயித்துல இடமில்ல."

இருவர் சொல்வதுமே எனக்குச் சரியாகப் படுகிறது. இருவருமே என் வீட்டில் சாப்பிடுகிறார்கள் என்பதில் எனக்கு நிறைவுதான். நீதிபதி தொடாமல் விட்ட கேள்வியை நானும் தொடப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் அங்கே நின்றிருந்தால் கைதட்டியிருப்பீர்களா, மாட்டீர்களா? அதைச் சொல்லும் அதிகாரம் எங்கள் மூவரிடமும் இல்லை.